ஏறிய இரத்த அழுத்தமும் இரவில் நின்ற மூச்சும்: வன்னியில் ஒரு லொறிச் சாரதியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் கிளைத்து உள்ளே செல்லும் கிராமம் ஒன்றில் வசிக்கும், அப்போது 47 வயதாயிருந்த லொறிச் சாரதி ஒருவரைப் பற்றிய நிகழ்வு இது. அவரும் அவருடைய மனைவியும் இதனை எழுதச் சம்மதித்துள்ளனர். அடையாளம் வெளிப்படாதிருக்க ஊர், குடும்பம் பற்றிய சில விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நோய் பற்றிய விபரங்கள் எதுவும் மாற்றப்படவில்லை.

அறுவடைக் காலங்களில் அவர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வயல்களிலிருந்து நெல்லை ஏற்றி, வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலுள்ள அரிசி ஆலைகளுக்கும் கொண்டு செல்பவர். பெரும்பாலான பயணங்கள் இரவில் நடைபெறும். சிறு குளமொன்றின் கீழ் சொந்தமாகச் சிறிதளவு வயலும் இருந்தமையால், காலபோகக் கதிர் முற்றும் நாட்களில் யானைக் காவலுக்காகக் குடிலில் தங்குவதும் வழக்கம். 2009 இல் குடும்பத்துடன் இடம்பெயர்ந்து செட்டிகுளத்திலிருந்த மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, பின்னர் மீள்குடியேறியவர். நான்கு ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்காக எமது கிளினிக்கிற்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்தார். லோசாட்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைட் ஆகிய மூன்று மருந்துகளையும் உரிய அளவில் எடுத்தும் அவருடைய அழுத்தம் இலக்குக்கு இறங்கவில்லை.

முறைப்பாடுகளும் அவற்றுக்கு ஏற்கெனவே கூறப்பட்ட காரணங்களும்

அவருடைய கிளினிக் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டியபோது, நோய்க்குறிகள் யாவும் அதிலேயே இருந்தன. ஆனால் அவை வெவ்வேறு திகதிகளில், வெவ்வேறு கையெழுத்துகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத முறைப்பாடுகளாகப் பதியப்பட்டிருந்தன.

அழுத்தம் இறங்காமைக்கு உப்பும் கருவாடும் காரணமெனக் கருதப்பட்டு, உணவு பற்றி ஆலோசனை வழங்கப்பட்டிருந்தது. இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழும்புவதாகச் சொன்னதால் நீரிழிவுக்கான பரிசோதனை செய்யப்பட்டு, முடிவு இயல்பாக வந்திருந்தது. அதன் பின் சிறுநீரக நோய் பற்றிய பயம் எழுந்தது. வவுனியா உட்பட்ட உலர் வலயத்தில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவியிருப்பதால், இரவில் சிறுநீர் கூடினால் எவருக்கும் முதலில் அந்தப் பயமே வரும். அவருடைய இரத்தத்தில் கிரியற்றினின் அளவு பல தடவை பார்க்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் இயல்பாகவே இருந்தது. காலையில் எழும்பும்போது இருந்து, ஓரிரு மணித்தியாலங்களில் தானாகவே விட்டுப்போகும் தலையிடி பீனிசமெனக் கருதப்பட்டது. பகல் முழுவதும் இருந்த அசதிக்கு இரவுப் பயணமும் யானைக் காவலும் போதிய காரணங்களாகத் தோன்றின.

இரவில் திடுக்கிட்டு எழும்புவதற்குத்தான் மிகவும் வலுவான விளக்கம் இருந்தது. 2009 இன் முற்பகுதியை அனுபவித்த ஒருவர் நித்திரையில் அலறி எழும்பினால் அதற்கு வேறு காரணம் தேடும் பழக்கம் எம்மிடையே இல்லை. அயலவர் சிலர் பேய் அமுக்குகிறதென்று சொல்லி நூல் கட்டுவித்திருந்தனர். வேறோர் இடத்தில் மனவடுவினால் வந்த நித்திரைக் குழப்பமெனக் கருதி, இரவில் எடுக்கும்படி 0.5 மில்லிகிராம் குளோனசிபாம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் குளிசையை எடுக்கத் தொடங்கிய பின்னர் அவர் திடுக்கிடுவது குறைந்தது. காலைத் தலையிடியும் பகல் மந்தமும் கூடின.

இந்த விளக்கங்களுள் ஒன்றுகூடப் பொறுப்பின்றிச் சொல்லப்பட்டதல்ல. ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது, அதனாலேயே அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தேவை எவருக்கும் எழவில்லை.

மனைவி கூறியவை

சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு மாதத்தில், அவர் லொறியுடன் சென்றுவிட்டமையால் மருந்தை எடுத்துச்செல்ல மனைவி வந்திருந்தார். மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறாரா, சாராயம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்ற வழமையான கேள்விகளுடன், இரவில் எப்படி நித்திரை கொள்கிறார் என்றும் தாதிய உத்தியோகத்தர் கேட்டார். அதற்கு மனைவி சொன்ன பதிலைத் தாதிய உத்தியோகத்தர் அப்படியே குறித்து வைத்திருந்தார்:

“குறட்டை விடேக்கை எனக்குப் பயமில்லை மிஸ், அது நிக்கேக்கைதான் பயம். மூச்சே இருக்காது. நான் தட்டினால்தான் திரும்ப எடுப்பார்.”

மேலும் விசாரித்தபோது, கிளினிக் புத்தகத்தில் எங்கும் இல்லாத பல விபரங்கள் வெளிவந்தன. குறட்டை பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. பிள்ளைகள் வேறு அறையில் படுக்கத் தொடங்கி நீண்ட காலமாகிவிட்டது. மல்லாந்து படுக்கும்போதும் கள்ளோ சாராயமோ குடித்த இரவுகளிலும் மூச்சு நிற்பது கூடியது. காலையில் வாய் முற்றாக வரண்டு எழும்பினார். கோயிலில் பிரசங்கம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் தலை சாய்ந்துவிடும். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்தபடியே தூங்கி விழுந்த நாட்களும் இருந்தன.

திடுக்கிட்டு எழும்புவது பற்றி அவர் சொன்ன ஒரு விபரம் எமக்கு மிகவும் உதவியது. முகாமிலிருந்த காலத்தில் கணவர் கனவு கண்டு அலறி எழும்பினால், எழுந்து உட்கார்ந்து வியர்த்து, கண்டதைச் சொல்லி, விடியும்வரை படுக்க மறுப்பாராம். இப்போது அவ்வாறில்லை, தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருபவரைப் போல ஒரு பெருமூச்சை இழுத்து, மனைவி “என்னப்பா” என்று கேட்பதற்குள்ளேயே மறுபடியும் நித்திரையாகிவிடுவார், காலையில் எதுவும் நினைவிருக்காது. மனவடுவினால் வரும் கனவு விழிப்பையும் மூச்சடைப்பினால் வரும் விழிப்பையும் பிரித்தறிய இதைவிடத் தெளிவான சாட்சியை ஒரு வைத்தியர் எதிர்பார்க்க முடியாது. இரண்டும் ஒரே நபரிடம் சேர்ந்திருக்கலாம் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அன்றிரவோ மறுநாளிரவோ கைத்தொலைபேசியில் ஒரு காணொளி எடுத்துவரும்படி கேட்டோம். முகம் மட்டுமன்றி நெஞ்சும் வயிறும் தெரியவேண்டும், குறைந்தது பத்து நிமிடமாவது ஓடவேண்டும் என்று சொல்லியனுப்பினோம்.

காணொளியில் தெரிந்தவை

மின்விளக்கு எரிந்த நிலையில், மேற்சட்டையின்றி மல்லாந்து படுத்திருந்தார். ஒழுங்கற்ற, உரத்த குறட்டை ஏறிச்சென்று திடீரென அறுந்தது. அதன் பின் மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்டது. ஆயினும் உடல் அசையாதிருக்கவில்லை. வயிறு மேலெழும்பும்போது நெஞ்சு உள்வாங்கியது, நெஞ்சு எழும்பும்போது வயிறு தாழ்ந்தது. கழுத்தடியின் குழி ஒவ்வொரு முயற்சியிலும் உள்ளே இழுபட்டது. காற்றை இழுக்கும் முயற்சி நடைபெற்றுக்கொண்டே இருக்க, காற்று மாத்திரம் உள்ளே செல்லவில்லை. திரையிலிருந்த நேரக் கணக்கின்படி 26 செக்கன்களின் பின் பெரிய சீறலுடன் மூச்சு திரும்பியது, ஒரு கை உதறியது, மறுபடியும் குறட்டை தொடங்கியது. பத்து நிமிடத்துக்குள் இதே சுற்று பல தடவை நிகழ்ந்தது.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்னோக்கிச் சரிந்து காற்றுப்பாதையை அடைக்கின்றன. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு ஏறியதும் மூளை உடலைச் சற்று உசுப்ப, தசைகள் இறுகிப் பாதை திறக்கிறது. குறைந்தது 10 செக்கன் நீடிக்கும் இத்தகைய நிறுத்தமே ஸ்லீப் அப்னியா எனப்படும் நித்திரை மூச்சுத்தடையில் ஒரு நிகழ்வாகக் கணக்கிடப்படுகிறது. ஒவ்வோர் உசுப்பலிலும் அட்ரினலின் சுரந்து இரத்த அழுத்தம் ஏறுகிறது. அடைபட்ட பாதைக்கெதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஓமோனை வெளிவிடுகின்றன. இரவு முழுவதும் தேங்கும் காபனீரொட்சைட்டினால் காலையில் தலை இடிக்கிறது. கிளினிக் புத்தகத்தில் தனித்தனியே கிடந்த முறைப்பாடுகள் யாவற்றுக்கும் இந்த ஒரே அடைப்புப் போதுமான காரணமாக இருந்தது.

பரிசோதனை

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் ஒன்றாக வந்தனர். இரத்த அழுத்தம் 162/104. நிறை 76 கிலோகிராம், உயரம் 166 சென்ரிமீற்றர், உடற்திணிவுச் சுட்டி 27.6. அவரைப் பார்க்கும் எவரும் பருத்த மனிதர் என்று சொல்லமாட்டார்கள். இந்நோய் மிகவும் பருத்தவர்களுக்கே வரும் என்ற எண்ணம் எமது பகுதியில் பலரைத் தவறவிடச் செய்கிறது. ஆசிய மக்களில் தாடையின் அமைப்புக் காரணமாகக் குறைந்த நிறையிலேயே இது தோன்றலாம். இவருடைய கீழ்த்தாடை சற்றுப் பின்தள்ளியிருந்தது. வாயைத் திறந்தபோது உள்நாக்கு நாக்கின் பின்னால் மறைந்திருந்தது. கழுத்துச் சுற்றளவு 42 சென்ரிமீற்றர். மூக்கின் உட்சவ்வு ஒவ்வாமையினால் வீங்கியிருந்தது. இதய மின்வரைபு இடது கீழறை தடித்திருப்பதைக் காட்டியது. தைரொயிட் ஓமோன் அளவு இயல்பாக இருந்தது.

2008 இல் கனடாவின் ரொறன்ரோவில் உருவாக்கப்பட்ட ஸ்டொப்-பாங் வினாக்கொத்து எட்டு விடயங்களைக் கேட்கிறது: குறட்டை, பகல் அசதி, பிறர் கண்ட மூச்சு நிறுத்தம், உயர் அழுத்தம், 35 இற்கு மேற்பட்ட உடற்திணிவுச் சுட்டி, 50 இற்கு மேற்பட்ட வயது, 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கழுத்து, ஆண் பால். அவற்றுள் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவை பொருந்தினால் இந்நோய் இருக்கும் ஆபத்து அதிகம். வயதும் நிறையும் சேராமலேயே இவருக்கு ஆறு வந்தது.

பகல் நித்திரையை அளக்கும் எப்வேர்த் அளவுகோல் 1991 இல் அவுஸ்திரேலியாவில் வெளியானது. எட்டுச் சந்தர்ப்பங்களில் தூங்கி விழும் வாய்ப்பைக் கேட்டு 24 புள்ளிகளுக்குக் கணக்கிடும் அதில் 10 இற்கு மேல் வந்தால் இயல்பல்ல. அவர் தாமே சொன்ன பதில்களின்படி 7 மட்டுமே வந்தது. மனைவி அருகிலிருந்து ஒவ்வொன்றையும் திருத்த, அவரும் தலையசைத்து ஒப்புக்கொண்டபோது அது 17 ஆனது. சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோய்விடும் என்ற பயத்திலேயே அவர் குறைத்துச் சொல்லியிருந்தார். சாரதிகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்போர் இதனை எதிர்பார்த்தே கேட்கவேண்டும்.

அதன் பின்னரே வீதியில் நடந்ததையும் சொன்னார். முறிகண்டியில் லொறியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, முகம் கழுவி, கச்சான் வாங்கிக் கொறித்தபடி ஓட்டினால் வவுனியாவரை விழித்திருக்கலாம் என்பது அவருடைய வழக்கமாயிருந்தது. சில மாதங்களின் முன் ஒரு விடியற்காலையில், வாயில் கச்சான் இருக்கும்போதே கண் சொருகி, இடப்பக்கச் சில்லுகள் கிரவலில் இறங்கிய அதிர்வில் விழித்திருக்கிறார். முன்னால் மதகொன்றின் கட்டு இருந்தது. இதை மனைவிக்கும் அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

எடுக்கப்பட்ட தீர்மானங்களும் காரணங்களும்

முதலாவதும் கடினமானதுமான தீர்மானம், சிகிச்சை நிலைபெறும்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்பதாகும். இதனை எழுத்தில் கொடுத்து, காரணத்தையும் விளக்கினோம். லொறி முதலாளியிடம் என்ன சொல்வது என்பதையும் அவருடன் சேர்ந்தே ஆலோசித்தோம். அவருடைய அனுமதியின்றி நாம் எவரிடமும் பேசவில்லை. முதலாளி அவரை நெல் நிறுக்கும் இடத்தில் மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார். வருமானம் பெரிதும் குறைந்தது, அந்தக் குடும்பம் அதைத் தாங்கவேண்டியிருந்தது.

குளோனசிபாம் போன்ற குளிசைகள் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, உசுப்பும் மூளையையும் மந்தமாக்குகின்றன. அவர் திடுக்கிடுவது குறைந்ததற்கு இதுவே காரணம். மூச்சு நிற்பது குறையவில்லை. திடீரென நிறுத்தினால் வேறு விளைவுகள் வரலாம் என்பதால் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். மாலைக் கள்ளையும் சாராயத்தையும் இதே காரணத்துக்காக விடும்படி கேட்டுக்கொண்டோம்.

மூச்சுத்தடையைச் சீராக்கினால் அழுத்தம் தானாக இயல்புக்கு வரும் என்று காத்திருக்கவில்லை. அந்தச் சிகிச்சையால் சராசரியாக ஏற்படும் அழுத்தக் குறைவு சிறியது. 162/104 என்பது காத்திருக்கக்கூடிய அளவுமல்ல. ஆகவே பொட்டாசியம் அளவைப் பார்த்த பின் நான்காவது அழுத்த மருந்தாக ஸ்பைரோனோலக்டோன் 25 மில்லிகிராம் சேர்க்கப்பட்டது. மூக்குக்கு விசிறும் மருந்தும் தொடங்கப்பட்டது.

சரிந்து படுக்கவைப்பதற்கு மனைவியே வழி கண்டார். பழைய சேட் ஒன்றின் முதுகுப் பக்கத்தில் பை தைத்து, மகன் கிரிக்கெட் விளையாடும் டெனிஸ் பந்தை அதற்குள் வைத்தார். மல்லாந்து திரும்பினால் பந்து உறுத்தும். கடுமையான நோய்க்கு இது தனியே போதாது, எனினும் விசேட கிளினிக் திகதிக்காகக் காத்திருந்த மாதங்களில் ஓரளவு உதவியது.

ஓரிரவு விடுதியில் தங்கவைத்து, விரலில் ஒட்சிசன் மானி பொருத்திக் கவனித்தபோது, செறிவு 96 சதவீதத்திலிருந்து 78 வரை இறங்குவதும் ஏறுவதும் மீண்டும் மீண்டும் தெரிந்தது. நோயை உறுதிசெய்ய இது போதாதாயினும், அனுப்பும் கடிதத்தில் இதனையும் காணொளி விபரத்தையும் குறிப்பிட்டமை அவசரத்தை உணர்த்தியது.

உறுதிப்படுத்தலும் சிகிச்சையும்

சுவாச நோய் விசேட வைத்திய நிபுணரின் மேற்பார்வையில், வீட்டில் அணிந்து படுக்கும் கருவியினால் நித்திரை ஆய்வு செய்யப்பட்டது. மணித்தியாலத்துக்கு 44 மூச்சுத்தடை நிகழ்வுகள் பதிவாகின. 30 இற்கு மேற்பட்டாலே அது கடுமையானது. ஒட்சிசன் 71 சதவீதம்வரை தாழ்ந்திருந்தது. முகமூடியினூடாகத் தொடர் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் சீபாப் இயந்திரம் பரிந்துரைக்கப்பட்டது.

கனடாவிலிருந்த உறவினர் பாவித்த இயந்திரமொன்றை அனுப்ப முன்வந்தார். வன்னியில் இவ்வாறு வரும் இயந்திரங்கள் இனியும் கூடும் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் ஒருவருக்கு ஒழுங்குசெய்த அழுத்தம் இன்னொருவருக்குப் பொருந்தாது. நிபுணரின் குழுவே அதை மாற்றியமைக்கவேண்டும். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, இங்கு 230. மின்மாற்றிப் பெட்டியில் 100 முதல் 240 வரை ஏற்கும் என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2021 இல் பெரிய உற்பத்தி நிறுவனமொன்று, ஒலி தணிக்கும் நுரை சிதைவதால் பல வகை இயந்திரங்களை மீளப்பெற்றது. அந்த வகையைச் சேர்ந்ததா என்பதையும் அறியவேண்டும். முகமூடியும் குழாயும் புதிதாகவே வாங்கவேண்டும். ஈரமூட்டும் தொட்டிக்குக் கல்சியம் கூடிய எமது கிணற்று நீர் உதவாது. காய்ச்சி வடித்த நீரே ஊற்றவேண்டும்.

பின்னர் நடந்தவை

முதலிரு வாரங்களும் தோல்வியாகவே தோன்றின. நித்திரையில் தம்மை அறியாமல் முகமூடியைக் கழற்றி எறிந்தார். மீசையின் கீழால் காற்று ஒழுகியது. சோழகக் காற்றின் புழுதி வடிகட்டியில் படிந்தது. மின்சாரம் நின்றால் முகமூடிக்குள் மூச்சடைத்துவிடுமோ என்று மனைவி விழித்திருந்தார்; முகமூடியில் காற்று வெளியேறும் துவாரங்கள் இருப்பதைக் காட்டி, இயந்திரத்தை நிறுத்திப் பகலில் அவரே அணிந்து பார்க்கச் செய்த பின்னர்தான் அந்தப் பயம் தீர்ந்தது. மீசையைக் கத்தரித்து, பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது சிறிது நேரம் அணிந்து பழகியதும் நிலைமை மாறியது. மூன்றாம் மாதத்தில் இயந்திரத்தின் பதிவு இரவுக்குச் சராசரியாக ஐந்து மணித்தியாலப் பாவனையைக் காட்டியது.

காலைத் தலையிடி முற்றாக நின்றது. இரவில் ஒரு தடவை மட்டுமே எழும்பினார். எப்வேர்த் புள்ளி, மனைவி முன்னிலையில் கேட்டபோதும், 6 ஆக இருந்தது. அழுத்தம் 136/86 இற்கு இறங்கியது. இதில் நான்காவது மருந்துக்கும் சாராயத்தை விட்டதற்கும் குறைந்த மூன்று கிலோவுக்கும் உரிய பங்கு உண்டு. போர்க்காலக் கனவுகள் முற்றாக நீங்கவில்லை. மூச்சடைப்பு விலகிய பின் எஞ்சியவை எவை என்று தெளிவாகத் தெரிந்ததால், அவற்றுக்கென உளநலப் பிரிவுக்கு அனுப்பினோம், அவர் தொடர்ந்து செல்கிறார்.

நிபுணரின் கடிதத்துடன் பகல் பயணங்களுக்கு மாத்திரம் திரும்பினார். தீராத சிக்கலொன்று உண்டு. காவல் குடிலில் மின்சாரமில்லை. அங்கு தங்கிய சில இரவுகளின் மறுநாளே தலையிடியும் தூக்கமும் திரும்பின. இப்போது மச்சான் காவலுக்குச் செல்கிறார், விளைச்சலில் அவருக்கும் பங்கு கொடுக்கப்படுகிறது.

மாற்றியமைத்தவை

மூன்று மருந்துகளுக்கும் அழுத்தம் அடங்காத ஒவ்வொருவரிடமும் குறட்டை, மூச்சு நிற்றல், காலைத் தலையிடி, இரவுச் சிறுநீர், பகலில் தூங்கி விழுதல் ஆகிய ஐந்தையும் ஒரே இருப்பில் கேட்டு, கிளினிக் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் எழுதுகிறோம். களைப்பையும் நித்திரையையும் பிரித்துக் கேட்கிறோம்: வயல்வேலையால் களைத்தவர் வாங்கில் உட்கார்ந்து இளைப்பாறுவார், இந்நோயுள்ளவர் வாங்கில் உட்கார்ந்ததும் நித்திரையாவார். நித்திரைக் குளிசை எழுதுமுன் குறட்டை பற்றிய கேள்வி கட்டாயம். அருகில் படுப்பவரை அடுத்த தடவை அழைத்துவரும்படி கேட்கிறோம்.

இந்தக் கடைசி ஏற்பாடு பயன்படாத ஒரு பெருங்கூட்டம் வன்னியில் உண்டு. போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்களுக்கு, இரவில் மூச்சு நிற்பதைப் பார்த்துச் சொல்ல எவருமில்லை. மாதவிடாய் நின்ற பின் பெண்களிலும் இந்நோய் கூடுகிறது. அவர்களில் பலர் குறட்டையைச் சொல்லாமல், நித்திரை வராமை, தலையிடி, அசதி, மனச்சோர்வு என்றே வருவார்கள். அவர்களிடம் வாய் வரண்டு எழும்புகிறார்களா, மூச்சுமுட்டி விழிக்கிறார்களா, இரவில் எத்தனை தடவை வெளியே செல்கிறார்கள் என்று நேரடியாகக் கேட்கிறோம். கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவைப் படுக்கையருகே ஓடவிட்டு, காலையில் அதை அழிக்காமல் கொண்டுவரும்படி காட்டிக்கொடுக்கிறோம். குறட்டைச் சத்தத்தைப் பிறர் கேட்பதில் அவர்களுக்குள்ள வெட்கத்தை மதித்து, அந்தப் பதிவைத் தனியறையில், பெண் தாதிய உத்தியோகத்தர் மாத்திரம் முதலில் கேட்பதென ஒழுங்கு செய்திருக்கிறோம்.